ஏழு பேரும் ஒரு கட்டமும்

ஏழு பேர் நம்மை நோக்கி ஓடிவருகிறார்கள். முன்னால் வருபவர் முஷ்டியை ஓங்கியிருக்கிறார். அவர் தலைக்கு மேலே ஒருவர் பறக்கிறார். ஓரத்தில் ஒருவர் குனிந்து பாயத் தயாராகிறார். ஒருத்தியின் கண்களிலிருந்து ஒளி வழிகிறது. எல்லோர் வாயும் திறந்திருக்கிறது. சூப்பர் ஹீரோ அணிக் காமிக்ஸை ஒருமுறையாவது புரட்டியவர்கள் இந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். அட்டையில் இல்லாவிட்டால் மூன்றாம் பக்கத்தில் கட்டாயம் இருக்கும்.

சிறு வயதில் இப்படிப்பட்ட படங்களை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பேன். யாருடைய சக்தி யாருடையதை வெல்லும் என்று மனத்துக்குள் பந்தயம் நடக்கும். இப்போது அதே படத்தைப் பார்த்தால் ஒரே ஒரு சந்தேகம்தான் எழுகிறது. இவர்கள் எங்கே ஓடுகிறார்கள்? எதிரே நான் மட்டும்தானே இருக்கிறேன்? இன்னும் உற்றுப் பார்த்தால் வேறொன்றும் புலப்படும். அந்த ஏழு பேரில் ஒருவர்கூட இன்னொருவரைப் பார்ப்பதில்லை. பக்கத்தில் ஓடிவருபவர் யார் என்பதே அவர்களுக்குத் தெரியாதோ என்று தோன்றும். ஏழு தனிப் படங்களை வெட்டி ஒரே தாளில் ஒட்டியதைப் போல இருக்கும்.

அணிக் காமிக்ஸ் எழுதுவதும் வரைவதும் எவ்வளவு கடினம் என்று எனக்கு உறைத்தது ஒரு சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதைக்கு 20 முதல் 22 பக்கங்கள் கிடைக்கும். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று வைத்துக்கொண்டால் நூறு, நூற்றுப் பத்து கட்டங்கள். வில்லனுக்கு, இடிந்து விழும் கட்டடங்களுக்கு, வானத்தில் தோன்றும் விண்கலத்துக்கு, தொலைக்காட்சியில் செய்தி வாசிப்பவருக்கு என்று முப்பதைக் கழித்துவிடுங்கள். மீதியை ஏழு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்குப் பத்துக் கட்டம் தேறும். பத்துக் கட்டத்தில் ஒரு மனிதரைக் காட்ட வேண்டும். அவருடைய சக்தியைக் காட்ட வேண்டும். மற்ற ஆறு பேரோடு அவருக்கு என்ன உறவு என்பதையும் காட்ட வேண்டும். தனி நாயகன் கதை எழுதுபவர்களுக்கு இந்த நெருக்கடி கிடையாது. அவர்களின் நாயகன் கூரை விளிம்பில் உட்கார்ந்து நான்கு பக்கம் யோசிக்கலாம்.

இந்த நெருக்கடியில் சுமாரான கதாசிரியர் செய்வதை நான் வருகைப் பதிவேடு என்று அழைப்பேன். சண்டை நடக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு வசன பலூன் கொடுத்துவிடுவார். "வலப்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்!" "பின்னால் கவனம்!" "இவன் நாம் நினைத்ததைவிடப் பலசாலி!" மூன்றையும் இடம் மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது. எல்லோரும் வந்திருக்கிறார்கள் என்று பதிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஓவியருக்கோ வேறு தலைவலி. ஆங்கிலம் இடமிருந்து வலமாகப் படிக்கப்படும் மொழி. எனவே கட்டத்தில் முதலில் பேசுபவர் இடப்பக்கம் நின்றால்தான் அவருடைய பலூனும் இடப்பக்கம் அமரும். பேசுபவரின் வாயை நோக்கி நீளும் பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டாது. கதாசிரியர் ஒரே கட்டத்தில் ஐந்து பேரைப் பேசவைத்துவிட்டால் யார் எங்கே நிற்பது என்பதை ஓவியர் தீர்மானிக்க முடியாது. பேச்சு வரிசை தீர்மானித்துவிடும். கோபித்துக்கொண்டு விலகி வலது மூலையில் நிற்க வேண்டியவள் முதலில் பேசுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காக இடப்பக்கம் வந்து நட்பாக நிற்பாள். பலூன்களுக்காகக் கட்டத்தின் மேற்பகுதியில் மூன்றில் ஒரு பங்கை விட்டுவைக்க வேண்டும் என்பதால் எல்லோரும் இடுப்பளவில் வெட்டுப்பட்டு வரிசையாக நிற்பார்கள். இதையெல்லாம் கவனிக்கத் தொடங்கிய பிறகு எனக்கு இந்த இதழ்களைச் சும்மா படிக்கும் சுகம் போய்விட்டது. வேறொரு சுகம் வந்தது என்று சொல்லிக்கொள்கிறேன்.

பழைய கதையை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1961-இல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அணியைத் தொடங்கியபோது அதில் நான்கு பேர்தான். நான்கு பேரைச் சமாளிக்கலாம். மார்வெல் நிறுவனத்தில் அன்று வழக்கமாக இருந்த முறையில் கதைச்சுருக்கம் முதலில் வரும், அதைப் பக்கங்களாக ஓவியர் வரைவார், வசனம் கடைசியில் எழுதப்படும். யார் யாரைப் பார்க்கிறார், யார் முதுகைக் காட்டுகிறார் என்பதெல்லாம் வசனம் பிறப்பதற்கு முன்பே கிர்பியின் பென்சில் முடிவு செய்துவிட்ட விஷயங்கள். பிற்காலத்தில் முழுத் திரைக்கதை எழுதிக் கொடுக்கும் முறை பரவியது. கட்டம் கட்டமாக விவரிப்பு, வசனம் எல்லாம் முன்னரே தயார். இரண்டு முறையிலும் நல்லதும் கெட்டதும் வந்திருக்கின்றன. ஆனால் அணிக் கதையைப் பொறுத்தவரை கிர்பியின் முறையில் இருந்த ஒரு வசதி, ஆட்களை நிறுத்தும் உரிமை ஓவியரிடம் இருந்தது என்பதுதான்.

பிறவியிலேயே அபூர்வ சக்தி கொண்டவர்களின் அணியான எக்ஸ்-மென் கதைகளை 1975 முதல் 1991 வரை எழுதியவர் கிறிஸ் கிளேர்மான்ட். அவருடைய பலூன்கள் கனமானவை. பறந்துகொண்டே ஒருவர் தன் சக்தி எப்படி வேலை செய்கிறது என்று பத்தி கணக்கில் விளக்குவார். இன்று படித்தால் சிரிப்பு வரலாம். ஆனால் சண்டை இல்லாத நேரத்தில் இவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தவர் அவர். பேஸ்பால் விளையாடவிட்டார். ஒரே மாளிகையில் ஒருவர் காலில் ஒருவர் இடறிக்கொண்டு வாழவிட்டார். அந்தக் காலகட்டத்தின் முடிவில், 1991-இல், ஜிம் லீ வரைந்து கிளேர்மான்ட் எழுதிய 'எக்ஸ்-மென்' முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. ஐந்து அட்டைகள். நான்கை அடுத்தடுத்து வைத்தால் ஒரே நீண்ட படமாகச் சேரும். ஐந்தாவதில் அந்த முழுப் படமும் மடிப்புத்தாளாக வந்தது. வாசகர்கள் எத்தனை பேர், ஐந்தையும் வாங்கிப் பெட்டியில் பூட்டியவர்கள் எத்தனை பேர் என்பது தனிக் கதை. எப்படியோ, ஓடிவரும் ஏழு பேரின் படம் அன்று முழு வெற்றி பெற்றது. அடுத்த சில ஆண்டுகளுக்கு எல்லா அணிகளும் நம்மை நோக்கியே ஓடிவந்தன.

எனக்கு 'நவீன' அணிக் காமிக்ஸ் என்றால் 1999-இல் தொடங்கிய 'தி அத்தாரிட்டி'தான் தொடக்கம். வாரன் எல்லிஸ் எழுத்து, பிரையன் ஹிட்ச் ஓவியம், அதன் மேல் பால் நியரியின் மை, லாரா டிப்யூவின் வண்ணம். இந்த நால்வர் கூட்டணி மொத்தம் 12 இதழ்கள், நான்கு நான்காக மூன்று கதைகள். பக்கத்தின் முழு அகலத்துக்கும் நீளும் கட்டங்கள், ஒரு பக்கத்தில் மூன்றோ நான்கோ. அகலத்திரை என்ற பெயர் இந்தப் பாணிக்கு ஒட்டிக்கொண்டது அப்போதுதான்.

இந்தத் தொடரை நான் முதலில் படித்தது கைபேசியில். ஒவ்வொரு கட்டமாகப் பெரிதுபடுத்திக் காட்டும் செயலி ஒன்றில். நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் அகலக் கட்டம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு நாடா. மேலும் கீழும் கறுப்பு, நடுவில் நாடா. அந்த நாடாவுக்குள் ஒரு நகரம் எரிகிறது, பூச்சி அளவில் ஏழு பேர் பறக்கிறார்கள். "இதற்கா இவ்வளவு புகழ்?" என்று மூடிவிட்டேன். இரண்டு ஆண்டு கழித்து அச்சுத் தொகுப்பு கைக்கு வந்தபோது முதல் சில பக்கங்களிலேயே என் முட்டாள்தனம் புரிந்தது. அந்தக் கட்டங்கள் தனித்தனியாகப் பார்ப்பதற்கு வரையப்பட்டவை அல்ல. மேலே ஒரு தெரு, கீழே அதே தெரு இடிந்த நிலையில், அதன் கீழே அந்த இடிபாட்டின் முன் நிற்கும் ஒரு முகம். கண் மேலிருந்து கீழே விழும்போது நகரமும் கூடவே விழுகிறது. கட்டத்தைப் பிரித்துக் காட்டினால் விழ இடமில்லை.

ஹிட்ச் செய்த இன்னொரு காரியம் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. அவர் நாயகர்களைச் சிறிதாக வரைந்தார். நகரம் பெரிது, கலம் பெரிது, புகை பெரிது. அவற்றின் முன் இந்த ஏழு பேர் கட்டைவிரல் அளவுதான். அதனால் அவர்கள் சேர்ந்து நிற்கும்போது அந்தச் சேர்க்கைக்கே ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. இந்த ஏழு பேரில் அப்பல்லோவும் மிட்நைட்டரும் இணையர் என்பதை எல்லிஸ் ஆரம்பத்தில் சொல்வதில்லை. எங்கே போனாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார்கள்; ஒருவருக்கு அடிபட்டால் மற்றவரின் உடல் அந்தப் பக்கம் திரும்புகிறது. வெளிப்படையாகத் தெரியும் தருணம் வரும்போது கவனித்துப் படித்தவருக்கு அது செய்தியே அல்ல. தன் கதைமாந்தரைப் பற்றிய முக்கியமான ஒரு விஷயத்தை வசனத்தில் சொல்லாமல் ஓவியரின் கையில் விட்டுவைக்க ஒரு கதாசிரியருக்கு நெஞ்சுரம் வேண்டும்.

குறையும் உண்டு. இதழை ஏழெட்டு நிமிடத்தில் முடித்துவிடலாம். மாதம் முழுவதும் காத்திருந்தவனுக்கு அது வயிற்றெரிச்சல்தான். பின்னால் வந்தவர்கள் அகலக் கட்டத்தை எடுத்துக்கொண்டார்கள், அதன் காரணத்தை விட்டுவிட்டார்கள். தொகுப்பு நூலாக விற்பதற்கு ஆறு இதழ்கள் வசதி என்று ஆனபின், ஓர் இதழில் முடிய வேண்டிய கதை ஆறு இதழ்களுக்கு இழுபட்டது. இருவர் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதற்கும் அகலத்திரை. அகலம் இருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை.

அடுத்து வருவது என் பலவீனம் என்று எச்சரித்துவிடுகிறேன். கதாசிரியர் கிராண்ட் மாரிசனும் ஓவியர் ஃபிராங்க் குவைட்லியும் சேர்ந்து செய்த 'நியூ எக்ஸ்-மென்' பற்றி நடுநிலையாகப் பேச எனக்கு வராது. 2001-இல் 114-ஆம் இதழோடு மாரிசன் பொறுப்பேற்றார். இருவரும் கிளாஸ்கோ நகரத்தவர்கள். குவைட்லி என்பது புனைபெயர். ஆங்கிலத்தில் 'வெளிப்படையாகச் சொன்னால்' என்ற பொருள் தரும் ஒரு தொடரின் எழுத்துகளை இடம் மாற்றிப்போட்டுச் செய்த குறும்பு.

அந்த முதல் இதழின் முதல் பக்கத்தைப் பாருங்கள். வுல்வரின் ஒரு ராட்சத இயந்திர மனிதனைக் கிழித்துக்கொண்டிருக்கிறான். இயந்திரம் எப்போதோ செத்துவிட்டது. பக்கத்தில் சைக்ளாப்ஸ் நின்றுகொண்டு, இனி நீ நிறுத்தலாம் என்ற பொருளில் ஒரே ஒரு சலிப்பான வாக்கியம் சொல்கிறான். ஓடிவரும் கூட்டம் இல்லை. முழக்கம் இல்லை. வேலை முடிந்த பிறகு அலுவலகத்தில் இரண்டு பேர் நிற்பார்களே, அந்த மாதிரி நிற்கிறார்கள். ஒருவன் நிறுத்தத் தெரியாதவன், மற்றவன் அதற்குப் பழகிப்போனவன். எத்தனையோ ஆண்டுகளாக இவர்கள் ஒன்றாக வேலை செய்கிறார்கள் என்பது அந்த ஒரு பக்கத்தில் தெரிந்துவிடுகிறது.

குவைட்லியின் பெரிய பலம் உடல்கள். பெரும்பாலான சூப்பர் ஹீரோ ஓவியர்களிடம் ஓர் ஆண் உடல், ஒரு பெண் உடல் இருக்கும். முடியின் நிறத்தையும் உடையையும் மாற்றி அணியை உருவாக்கிவிடுவார்கள். குவைட்லியின் வுல்வரின் குட்டையானவன், தோள் அகலம், மயிர் அடர்ந்த கைகள். பீஸ்ட் ஒரு பெரிய பூனையைப் போல நாற்காலியில் சரிந்து கிடக்கிறான். சைக்ளாப்ஸ் மூங்கில் கழிபோல விறைப்பு. எம்மா ஃபிராஸ்ட் ஓர் அறைக்குள் நுழைந்தால் எங்கே நின்றாலும் அது அவளுடைய அறையாகிவிடுகிறது. நால்வரையும் கறுப்பு மையால் நிரப்பி நிழலுருவமாக்கினாலும் யார் யார் என்று சொல்லிவிடலாம். பழைய வண்ணவண்ண உடைகளைக் கழற்றிவிட்டு எல்லோருக்கும் ஒரே மாதிரி கறுப்பும் மஞ்சளுமான தோல் மேலங்கியைக் கொடுத்தார்கள். ஆளை உடையால் அடையாளம் காட்டும் ஊன்றுகோலை வேண்டுமென்றே தூக்கி எறிந்திருக்கிறார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

121-ஆம் இதழுக்கு வருகிறேன். 2001-ஆம் ஆண்டின் கடைசியில் மார்வெல் தன் இதழ்களில் பலவற்றை ஒரு மாதம் வசனமில்லாமல் வெளியிட்டது. பலருக்கு அது தண்டனையாக இருந்திருக்க வேண்டும், படித்தாலே தெரியும். மாரிசனும் குவைட்லியும் அந்த விதியைக் கதையாகவே ஆக்கிக்கொண்டார்கள். எக்ஸ்-மென் அணியை உருவாக்கிய பேராசிரியர் சேவியரின் மனம் சிக்கிக் கிடக்கிறது. மனத்தைப் படிக்கத் தெரிந்த ஜீன் கிரேயும் எம்மா ஃபிராஸ்டும் அதற்குள் இறங்கி என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒருவரை ஒருவர் அவ்வளவாகப் பிடிக்காத இரண்டு பெண்கள், சொல் இல்லாத ஓர் உலகத்துக்குள். மனத்துக்குள் நடப்பதற்கு வசனம் எதற்கு?

இந்த இதழை முதல்முறை மூன்று நிமிடத்தில் புரட்டி முடித்தேன். ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் முறை இருபது நிமிடம் ஆனது. பலூன் இல்லாத பக்கத்தில் கண்ணுக்கு வழி சொல்ல யாரும் இல்லை. பலூன்கள் ஒரு வகையில் வழிகாட்டிப் பலகைகள். அவை போய்விட்டால் கண் உடல்களின் திசையைப் பற்றிக்கொண்டுதான் நகர வேண்டும். ஜீன் எங்கே பார்க்கிறாள்? எம்மா ஏன் ஓரடி பின்னால் வருகிறாள்? ஒருத்தி நிற்கும்போது மற்றவள் நடந்துகொண்டே இருக்கிறாள், அடுத்த கட்டத்தில் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளைக் கோட்டில் ஒரு சண்டையும் ஒரு சமாதானமும் நடந்து முடிந்திருக்கின்றன. கடைசியில் அவர்கள் சென்று சேரும் இடம் ஒரு கருப்பை. அங்கே இரட்டையர் இருவர், சேவியரும் அவருடைய உடன்பிறப்பும். சேவியரின் மிகப் பழைய குற்றம் அங்கே இருக்கிறது. அவர் பிறப்பதற்கு முந்தைய குற்றம். பேச்சு இன்னும் வராத வயதின் நினைவு அது. சொல் இல்லாமல்தான் அதைக் காட்ட முடியும். ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தந்திரத்திலிருந்து இப்படி ஒரு பக்கம் பிறக்கும் என்று யார் எதிர்பார்த்திருப்பார்கள்?

வசனம் இல்லாத இதழில் கதாசிரியருக்கு வேலை இல்லை என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் நினைத்தவன்தான். உண்மையில் எதைச் சொல்லாமல் விட்டால் படம் தாங்கும் என்று அளந்து பார்ப்பது எழுத்தின் பாதி. சங்கப் பாடலில் இறைச்சி என்று சொல்வார்களே, சொல்லில் இல்லாத பொருள் சொல்லுக்கு அப்பால் நிற்பது, அதற்கு மிக நெருக்கமான ஒன்று இந்த இதழில் இருக்கிறது.

வேதனை என்னவென்றால், மாரிசன் எழுதிய 41 மாத இதழ்களில் குவைட்லி வரைந்தவை பத்தே பத்து. மீதியைப் பலர் வரைந்தார்கள். அவர்களில் சிலர் மிகத் திறமையானவர்கள். ஆனால் ஓவியர் மாறும்போதெல்லாம் அணியே மாறிவிடுகிறது. போன இதழில் தோள் தளர்ந்து நின்றவன் இந்த இதழில் மார்பை நிமிர்த்தி நிற்கிறான். அது கதையில் நடந்த மாற்றமா, ஓவியர் மாற்றமா என்று வாசகன் குழம்ப வேண்டியிருக்கிறது. எழுத்தாளர் பெயரை முதுகில் போட்டு விற்கும் தொகுப்பு நூல்களில் இந்தச் சேதம் தெரியாமல் மூடப்படுகிறது. இதற்கு ஓவியர்களைக் குறை சொல்ல மாட்டேன். மாதா மாதம் இதழ் வெளிவர வேண்டும் என்ற சக்கரத்தில் முதலில் அரைபடுவது வரைபவரின் கைதான்.

2013-இல் வந்த 'யங் அவெஞ்சர்ஸ்' வேறு மாதிரி. கீரன் கில்லன் எழுத்து, ஜேமி மெக்கெல்வி ஓவியம், மேத்யூ வில்சன் வண்ணம். 15 இதழ்களோடு நிறுத்திக்கொண்டார்கள். இளைஞர்களின் அணி. அவர்களை வேட்டையாடும் சக்தியின் பெயர் 'மதர்'. பெற்றோர்கள் அதன் பிடியில் விழுகிறார்கள். பெரியவர்கள் கண்ணுக்கு ஆபத்து புலப்படுவதே இல்லை. இந்த வயதைப் பற்றி இதைவிடக் கச்சிதமான வில்லன் கிடைப்பது அரிது.

நான்காம் இதழில் ஒரு இரட்டைப் பக்கம். எதிரிகள் நிறைந்த இரவு விடுதி ஒன்றுக்குள் நோ-வார் என்ற இளைஞன் குதிக்கிறான். வழக்கமாக இது ஆறு கட்டச் சண்டை: குத்து, உதை, உடையும் கண்ணாடி. மெக்கெல்வி விடுதியின் தள வரைபடத்தை வரைந்துவிட்டார். மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். கூரையைக் கழற்றிய பொம்மை வீடு மாதிரி. அதற்குள் நோ-வார் ஒரே நேரத்தில் பல இடங்களில் இருக்கிறான்; அவன் சென்ற தடம் கோடாக ஓடுகிறது; ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண், எண்ணுக்கு ஒரு விளக்கம். ஒரு நாற்காலியை எப்படிப் பிரித்து மாட்டுவது என்று சொல்லும் தாளைப் போன்ற நேர்த்தி.

அந்தப் பக்கத்தில் எவ்வளவு நேரம் செலவிட்டேன் என்று தெரியவில்லை. விரலை வைத்து எண்களின் வழியே போனேன். பிறகு எண்களை விட்டுவிட்டு, மூலைகளில் ஒளிந்திருப்பவர்களைப் பார்த்தேன். சண்டைக் காட்சியில் நான் வழக்கமாக வேகமெடுப்பவன். இங்கே வேகம் குறைந்துவிட்டது. வேடிக்கை அதுதான்: கதையில் அவன் மின்னல் வேகத்தில் இயங்குகிறான், வாசகன் நத்தை வேகத்தில் படிக்கிறான். அவனுக்குத் தன் வேகத்திலிருந்து உலகம் எப்படித் தெரியும் என்பதை அந்த வரைபடம் காட்டிவிடுகிறது. அவனுக்கு எல்லாம் நிதானமாக, எண்ணிட்டு, இடம் குறித்துத் தெரிகிறது. இதைக் கில்லன் யோசித்தாரா மெக்கெல்வி யோசித்தாரா என்ற ஆராய்ச்சியில் எனக்கு ஆர்வம் இல்லை. எங்கே ஒருவர் முடிந்து மற்றவர் தொடங்குகிறார் என்று தெரியாத பக்கம்தான் இந்தத் தொழிலின் நல்ல பக்கம்.

இதே தொடரில் கட்டத்தின் கோடுகளே ஓர் இடமாகின்றன. மதரின் உலகம் வெறும் வெள்ளை. அதில் கட்டங்களின் விளிம்புகள் சுவர்களாகவும் சிறைக் கம்பிகளாகவும் நிற்கின்றன. அணியில் உள்ள மிஸ் அமெரிக்கா உதைத்தால் நட்சத்திர வடிவில் வெளியே ஒரு துளை விழுகிறது. கட்டத்துக்குள் அடைபடுவதற்கு அணிக் காமிக்ஸில் உள்ள அர்த்தத்தை, அதாவது ஆளுக்குப் பத்துக் கட்டம் என்ற அந்தக் கணக்கை, இவர்கள் கேலி செய்கிறார்களோ என்றுகூட எனக்குச் சந்தேகம் உண்டு.

வில்சனின் வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வண்ணக்கலைஞர்களின் பெயரை நான் பல ஆண்டுகள் படிக்காமலே தாண்டியவன். கூட்டமான கட்டத்தில் முதலில் யாரைப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர்கள்தான். பின்னணி முழுவதையும் ஒரே ஊதாவாக்கிவிட்டு ஒருவர் முகத்தில் மட்டும் தோல் நிறத்தை விட்டால், ஏழு பேர் நிற்கும் இடத்தில் ஒருவர் தனியாகிவிடுவார். எழுத்துகளைப் பொறிப்பவரின் வேலையும் அப்படித்தான். நன்றாகச் செய்தால் கண்ணில் படாது. ஊர் கூடி இழுக்கும் தேர் இது. அட்டையில் இரண்டு பெயர்தான் பெரிதாக இருக்கும்.

கடைசியாகக் கதாசிரியர் ஜோனதன் ஹிக்மன். 2019 ஜூலையிலிருந்து அக்டோபர் வரை, 12 வாரம், வாரம் ஓர் இதழாக இரண்டு தொடர்கள் பின்னிப்பின்னி வந்தன. 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' பெப்பே லராஸ் வரைந்தது; மற்றொன்றான 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' ஆர்.பி. சில்வா வரைந்தது. இரண்டாவதன் பெயரில் இருக்கும் எக்ஸ் எழுத்தை ரோம எண்ணாகக் கொண்டு 'பத்து' என்று படிக்க வேண்டும். கதை 1, 10, 100, 1000 என்று பத்தின் அடுக்குகளாக ஆண்டுகளில் தாவுகிறது. எக்ஸ்-மென் இனி ஓர் அணி அல்ல. தனித் தீவு, தனி மொழி, தனிச் சட்டம் உள்ள ஒரு நாடு. அந்த மொழிக்கு எழுத்துருவே உண்டு. வாசகர்கள் உட்கார்ந்து அதை எழுத்தெழுத்தாக அவிழ்த்தார்கள்.

நடுநடுவே டாம் முல்லர் வடிவமைத்த தகவல் பக்கங்கள் வரும். வெள்ளைத் தாள், சிறிய எழுத்து, வரைபடம், பட்டியல். முதல் வாசிப்பில் இவற்றையெல்லாம் தாண்டிப் போனேன். கதை படிக்க வந்தவனிடம் அரசாணையை நீட்டினால் எப்படி இருக்கும்? அப்புறம், இறந்து இறந்து மீண்டும் பிறக்கும் மொய்ரா என்பவளின் பத்துப் பிறவிகள் வரும் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' இரண்டாம் இதழில் சிக்கிக்கொண்டேன். அட்டவணையைப் பார்க்காமல் அதில் முன்னே போக முடியாது. திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து படித்தபோது ஒன்று தெரிந்தது. விளக்கத்தையெல்லாம் தாளுக்கு அனுப்பிவிட்டதால் லராஸின் கட்டங்களில் யாரும் எதையும் விளக்க வேண்டியதில்லை. கிளேர்மான்டின் மாந்தர்கள் பறந்துகொண்டே சொன்ன பத்திகள் இங்கே ஒரு வெள்ளைப் பக்கத்தில் குடியேறிவிட்டன.

ஹிக்மனிடம் எனக்கு மனத்தாங்கல் உண்டு. அவருக்கு மனிதர்கள் காய்கள்; பலகைதான் அவருக்குப் பிடித்தது. 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்' நான்காம் இதழில் ஒரு சிறு குழு சூரியனுக்கு அருகே இருக்கும் விண்நிலையத்தைத் தாக்கப் போகிறது. ஒவ்வொருவராகச் சாகிறார்கள். கதைப்படி அவர்கள் அடுத்த இதழிலேயே உயிர்த்தெழுந்துவிடுவார்கள். திட்டமாகப் பார்த்தால் இது வெறும் கணக்கு. ஆனால் வுல்வரினும் நைட்கிராலரும் வெளியே, அந்த வெப்பத்துக்குள், தாவுவதற்கு முன் சில கணங்கள் பேசிக்கொள்கிறார்கள். மறுபக்கம் என்ன இருக்கும் என்று. லராஸ் அந்த இரண்டு முகங்களையும் அருகருகே கொண்டுவருகிறார். மார்ட்டே கிராசியாவின் வண்ணத்தில் கட்டம் கொதிக்கிறது. இத்தனை ஆண்டுக் கதைகளில் இவர்கள் இருவரும் எத்தனை முறை செத்துப் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பக்கத்தில் நின்றுவிட்டேன். கணக்கு எழுதியவருக்கும் கண்ணை வரைந்தவருக்கும் இடையே அந்தப் பக்கத்தில் ஒரு பேரம் நடந்திருக்கிறது. ஓவியர் வென்றிருக்கிறார் என்பது என் கட்சி.

இப்போதெல்லாம் புது இதழ் வந்தால் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்கிறேன். வெள்ளைத் தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து வைத்துக்கொண்டு, பலூன்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்து மறைத்துவிட்டு முதலில் படங்களை மட்டும் பார்க்கிறேன். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரைத் தவிர்க்கிறார்கள், பின்னணியில் நிற்கும் நான்காவது ஆளுக்கு இந்தக் கதையில் இடம் இருக்கிறதா என்று பார்ப்பேன். தாள் பறக்கும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டியிருக்கும். வீட்டில் உள்ளவர்கள் இதைப் பற்றிக் கருத்துச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள்.

போன வாரமும் ஓர் அணி இதழை அப்படித்தான் எடுத்து வைத்தேன். பெயர் வேண்டாம். மூன்றாம் பக்கத்தில் ஏழு பேர் ஓடிவந்தார்கள். ஒன்பதாம் பக்கத்தில் ஒரு சிறிய கட்டம். ஓர் அறை. ஐந்து பேர் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். தலைவர் எதையோ சுட்டிக்காட்டுகிறார். ஆறாவது ஆள் சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டியிருக்கிறார். ஏழாமவள் கதவருகே நிற்கிறாள். முதுகு நமக்கு, பாதி முகம் தெரிகிறது, கை கதவின் பிடியில். ஐந்து பேரில் ஒருத்தி மட்டும் மேசையைப் பார்க்காமல் அந்தக் கையைப் பார்க்கிறாள். வண்ணக்கலைஞர் அந்தக் கைக்கும் அந்தப் பார்வைக்கும் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் விட்டிருந்தார். அந்தக் கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கதவருகே இருந்த துண்டுத் தாளை எடுத்தேன். அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எனக்கு உங்கள் எல்லோர் மேலும் கோபம். நான் வெளியே போகிறேன்."

தாளைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டேன்.